படகுக் கம்பளத்துக்குக் காய்ச்சிய கஞ்சி

உ
மாரியம்மன் துணை

கோலா சாவா பக்கம், தோட்டத்து லயம்
5-9-1952, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மயிலம்மாளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன்னையும் உன் வயிற்றில் இருக்கிற உயிரையும், மாப்பிள்ளையையும், மாமனார் மாமியாரையும் அம்மன் கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுக்கு இருக்கிற குறையைக் கீழே எழுதுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கம்பி வேலிக் கேட்டில் காவல்காரர்கள் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டித்தான் கொடுத்தார்கள். இதையும் பிரிப்பார்கள், பிரிக்கிறவர்கள் நன்றாகவே படிக்கட்டும், மறைக்க ஒன்றும் இல்லை. இங்கிருந்து சிங்கப்பூருக்கு வந்த யாரோ ஒருவர், உன் அப்பா காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோய்ப் பிடிபட்டார் என்று உன் மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மாதிரி வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு மருமகளை அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதாக நீ எழுதியிருக்கிறாய். அப்பா உண்மையிலேயே செய்தாரா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறாய். அந்த வரியை நான் உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. உனக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான், அவர் இல்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

துரையின் பழைய படகு உனக்கு நினைவிருக்கும். ஜப்பான்காரன் கண்ணில் படக்கூடாது என்று கல்லைக் கட்டி ஆற்றில் முழுக்கி வைத்திருந்ததும், சண்டை முடிந்த பிறகு சங்கிலி போட்டு இழுத்தபோது நீ கரையில் நின்று பார்த்ததும் மறந்திருக்க மாட்டாய். அதற்குப் பிறகு அது ஆற்றோரத்துக் கொட்டகையிலேயே ஏழு வருடம் கிடந்தது. இப்போது வந்திருக்கிற துரையுடைய துரைசானிக்கு அதைப் புதுசாக்கி லாரியில் ஏற்றிப் போர்ட்டிக்சன் கடலில் விட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. தோட்டத்துத் தச்சர் உன் அப்பா ஒருவர்தானே, வைகாசி கடைசியில் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். படகு வேலை எனக்குப் பழக்கமில்லை என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் பழைய பூச்சு வற்றிய குளத்துச் சேறு மாதிரி செதில் செதிலாக நின்றதாம். பதினோரு நாள் சுரண்டினார். அடிப்பலகையில் இரண்டு முழம் உளுத்துப்போயிருந்தது, அதை வெட்டி எடுத்து வேறு பலகை வைத்தார். பலகைகளுக்கு நடுவில் இருக்கிற இடுக்கிலெல்லாம் பஞ்சைத் திரித்துக் குங்கிலியமும் எண்ணெயும் பிசைந்து ஏற்றினார். பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, சிவப்புப் பூச்சு ஒன்று, அதற்குமேல் வெள்ளைப் பூச்சு மூன்று, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் இரண்டு நாள் காயவிட்டு மறுபடியும் தேய்ப்பு. மூன்றாவது பூச்சு காய்ந்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கையை வைத்தால் வாழைப்பட்டை மாதிரி வழுக்குகிறது என்றார். இந்த இருபத்துநாலு வருடத்தில் தன் வேலையைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை, எனக்கே பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதுதான் தப்போ என்று இப்போது நினைக்கிறேன்.

வெளிப்பக்கம் முடிந்ததும் உள்ளே தரைக்குக் கம்பளம் போடச் சொன்னார்கள். துரைசானி பங்களாக் கூடத்தில் விரித்திருந்த பச்சைக் கம்பளத்தைக் கொடுத்து அனுப்பினார். படகுத் தரை நடுவில் அகலம், முனைக்குப் போகப்போகக் குறுகல். அந்த வளைவுக்குக் கம்பளத்தை வெட்டினால் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துகொண்டு வந்தது. ரப்பர் பாலை அடியில் தடவினால் நிற்கும், ஆனால் அந்த நாற்றம் படகுக்குள் வரவே கூடாது என்று துரைசானி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். உன் அப்பா இரண்டு நாள் அதே கவலையாக இருந்தார். நான்தான், சேலைக்குக் கஞ்சி போடுகிற மாதிரி கம்பளத்தின் முதுகில் கெட்டிக் கஞ்சியைத் தடவி, தரையில் வளைவுக்குத் தகுந்தபடி அழுத்திக் காயவிடுங்கள், காய்ந்த பிறகு வெட்டினால் ஒரு நூல் பிரியாது என்று யோசனை சொன்னேன். எனக்கு யாரும் கேட்காத யோசனை சொல்கிற வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். அவருக்கு அது பிடித்துப்போனது. ஆனால் ஒன்று சொன்னார், கஞ்சி இருந்தால் கரப்பான் வரும், கஞ்சியோடு கம்பளத்தையும் தின்றுவிடும், அதனால் மயில்துத்தம் கலந்துதான் காய்ச்ச வேண்டும் என்றார். அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. கம்பி வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூடப் போகக்கூடாது என்பது இப்போது சட்டம். ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் வெறும் கோப்பியோடு போய் மத்தியானம் திரும்பி வந்துதான் சாப்பிடுகிறார்கள். கஞ்சி அரிசிதானே, கேட்டில் விட மாட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி அமிர்தலிங்கம் இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். படகுக் கம்பளத்துக்கான பசை, விஷம் கலந்தது, நீல நிறம், சாப்பிட உதவாது என்று அதில் இருந்தது. புதன்கிழமை ஒரு வாளி காய்ச்சிக் கொடுத்தேன், துத்தம் கலந்ததும் மயில் கழுத்து மாதிரி நீலமாக ஆனது. கேட்டில் சீட்டையும் வாளியையும் பார்த்து விட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கம்பளத்தின் பின்பாதி முடிந்தது. முன்பாதிக்கு வெள்ளிக்கிழமை இன்னொரு வாளி வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளி, ஆடி வெள்ளி. இந்த வருடம் நம் தோட்டத்துக் கோவிலில் அம்மனுக்குக் கூழ் வார்க்கவில்லை, பங்கீட்டு அரிசியில் எங்கிருந்து வார்ப்பது. நான் விடிவதற்கு முன்னால் தலைக்குக் குளித்து விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். குருணை கொதித்து வெந்து கட்டியாகி, வாசனை வீடு முழுக்க வந்தது. மயில்துத்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். ஆடி வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது, அம்மன் பெயரைச் சொல்லிக் காய்ச்ச வேண்டிய கஞ்சி, அதில் போய் விஷத்தைப் போடுவதா என்று மனசு கூசியது. சுற்றிப் பத்து வீட்டுப் பிள்ளைகள் அரை வயிறாகத் தூங்குகிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. பொட்டலத்தைத் திரும்ப மாடத்தில் வைத்துவிட்டேன். ஒரு பாதிதானே, கரப்பான் வந்தால் பிறகு மேலே தூவிக்கொள்ளலாம், சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். அப்போதே சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு அவரே எடுத்துப் போட்டிருப்பார். கேட்டும் சீட்டும் அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை. வாளியைத் துணியால் வாய் கட்டிக் கொடுத்தேன். அவர் அவிழ்த்துப் பார்க்கவில்லை, நான் கொடுத்ததை அவர் என்றைக்கு அவிழ்த்துப் பார்த்தார்.

கேட்டில் அன்றைக்கு வழக்கமான மலாய்க்காரக் காவல்காரரோடு ஒரு வெள்ளைக்கார ஆபீசரும் சோதனைக்கு நின்றிருந்தாராம். உன் அப்பா சீட்டைக் கொடுத்துவிட்டு, யாரும் கை வைத்துவிடக் கூடாதே என்று, ராச்சுன் ராச்சுன், விஷம் விஷம் என்று மலாயில் இரண்டு தடவை எச்சரித்திருக்கிறார். ஆபீசர் துணியை அவிழ்த்தார். நீலம் என்று எழுதியிருக்கிற சீட்டு ஒரு கையில், வெள்ளை வெளேர் என்று கஞ்சி வாளியில். மோந்து பார்த்து, விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாராம். அதோடு சரி. உன் அப்பாவைக் கையைத் தூக்கச் சொல்லி, ஜீப்பில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டில் இருக்கிறவர்களுக்குச் சோறு கொடுத்தால் எத்தனை வருடம் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். வாளியைத் திறந்ததுமே நான் என்ன செய்தேன் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. யார் காய்ச்சியது என்று கேட்டபோது, நான்தான் காய்ச்சினேன், துத்தம் கலக்க மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். என் பெயரே வரவில்லை.

பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது. துரை, போலீஸ் காரியத்தில் தான் தலையிட முடியாது என்று கிராணியிடம் சொல்லிவிட்டார். துரைசானி கொட்டகைக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் ஆள் அனுப்பிக் கேட்டார். லயத்தில் இரண்டு விதமாகப் பேசினார்கள். தண்ணிக் குழாயில் பக்கத்து வீட்டுப் பஞ்சாலை, என்னைப் பார்க்காதவள் மாதிரி, சிலபேர் வீட்டில பங்கீட்டு அரிசி மிஞ்சுது போல, நம்ம வீட்டிலதான் பத்தமாட்டேங்குது என்று குடத்தைப் பார்த்துச் சொன்னாள். இன்னொரு பக்கம், பிடித்துக்கொண்டு போனவர்கள் சும்மா விடமாட்டார்கள், அவர் யார் பெயரையாவது சொல்லிவிட்டு வருவார் என்று பயந்து நம் வாசல் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். வேலிக்குள் இருக்கிறவர்களுக்கும் சந்தேகம், வெளியே காட்டில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ அதுவும் பயம். நான் கிராணி அமிர்தலிங்கத்திடம் போய் உண்மையைச் சொன்னேன், போலீஸ் டேசனில் வந்து அதைச் சொல்கிறேன், கூட்டிப் போங்கள் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்கா, அவரு ஒண்ணு சொல்லியிருக்காரு, நீங்க போய் வேற ஒண்ணு சொன்னா ரெண்டு பேருமே பொய் சொல்றாங்கன்னு எழுதி வைப்பாங்க, உங்களையும் உள்ளே போடுவாங்க என்றார். போடட்டும் என்றேன். பத்து நாள் யோசித்துப் பதினோராவது நாள், திங்கட்கிழமை, கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் ராசா கோவிலைப் பஸ்ஸிலிருந்தபடியே கும்பிட்டேன். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை, நாக்கு குழறாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

உன் அப்பாவை எதிரிலேயே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். முகம் மழிக்காமல் ஆள் பாதியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, இந்தா, நீ எதுக்கு வந்தே, வீட்டுக்குப் போ என்றார். கிராணி நான் சொன்னதை, கேட்டில் நின்ற அதே ஆபீசரிடம் இங்கிலீஷில் சொன்னார். உன் அப்பா குறுக்கே, அவளுக்கு ஒன்றும் தெரியாது, என் மேல் இருக்கிற பயத்தில் ஏதோ உளறுகிறாள், நான்தான் காய்ச்சினேன் என்று சாதித்தார். கிராணி பயந்த மாதிரியே ஆயிற்று, ஆபீசர் முகம் கல்லாகிவிட்டது. அவர் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உன் அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு அரிசி என்றார், இரண்டு சுண்டு என்றார் இவர். எவ்வளவு தண்ணீர் என்றால், ஒரு வாளி என்றார். உண்மையில் நான் போட்டது ஒன்றரைச் சுண்டு குருணை, அதற்கு ஒன்பது சுண்டு தண்ணீர். கடைசியாக, உப்பு எவ்வளவு போட்டாய் என்று கேட்டார்.

உன் அப்பா திகைத்துப்போய்க் கிராணியைப் பார்த்தார். “உப்பா? பசைக்கு யாருங்க உப்புப் போடுவா?” என்றார்.

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் மயிலு எனக்கே தெரிந்தது, அன்றைக்கு நான் உப்புப் போட்டிருக்கிறேன். போட்ட நினைவே எனக்கு இல்லை. புதன்கிழமை பொட்டலம் கையில் இருந்ததால் பசை என்கிற நினைப்பிலேயே இருந்திருப்பேன், வெள்ளிக்கிழமை அது எனக்குக் கஞ்சியாகிவிட்டது. கேட்டில் அந்த ஆபீசர் நாக்கில் வைத்துப் பார்த்தது அதுதான், உப்புப் போட்டிருந்தால் சாப்பாடு என்று அவர் முடிவு கட்டியது அதனால்தான். உன் அப்பாவைச் சிறைக்கு அனுப்பியது மாடத்தில் வைத்த பொட்டலம்கூட இல்லை, என் கை. நான் சொன்னேன், “நான்தான் போட்டேன். அரிசி கொதிச்சா என் கை தானா உப்புக்குப் போயிடும். ஆடி வெள்ளிக்கிழமை அதில விஷம் போட மனசு வரல. அவருக்கு ஒண்ணும் தெரியாது, என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றாரு.” கட்டின புருஷனை நாலு ஆம்பிளைகள் முன்னால் பொய் சொல்கிறார் என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிராணி நல்லவர், நல்ல நேரத்தில் அவருக்குப் புத்தி வேலை செய்தது. படகில் விரித்திருக்கிற கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள், பின்பாதியின் முதுகில் நீலப் பசை காய்ந்திருக்கும், முன்பாதி வெறுமையாக இந்த வாளிக்காகக் காத்துக் கிடக்கும் என்று சொன்னார்.

மூன்று நாள் கழித்து ஆபீசர் ஆட்களோடு கொட்டகைக்கு வந்தார். கிராணியும் கூடப் போனார். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் சரியாகப் பாதி வரைக்கும் நீலம், அதற்குமேல் வெறும் சணல். ஓரத்தில் வெட்டிய இடத்தில் ஒரு நூல் பிரியவில்லை என்று கிராணி வந்து சொன்னார், அதைக் கேட்டு நான் அழுதேன். இருபதாம் தேதி புதன்கிழமை உன் அப்பாவை விட்டார்கள், வழக்கு இல்லை, எச்சரிக்கை மட்டும். பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார். ஆனால் வேலிக்கு வெளியே போகிற பாஸைத் திருப்பித் தரவில்லை. டிசம்பர் வரைக்கும் உள்ளேயேதான் வேலை, ரப்பர் ஷீட்டு காயப்போடுகிற புகைவீட்டுக்குத் தட்டு செய்கிறார். மீதிக் கம்பளத்தை யாரோ டவுனிலிருந்து வந்து ஆணி அடித்துப் போட்டார்களாம். போன சனிக்கிழமை படகை லாரியில் ஏற்றி நம் வேலி ஓரமாகத்தான் கொண்டுபோனார்கள். வெயிலில் வெள்ளைவெளேர் என்று கண்ணைக் கூசியது. உன் அப்பா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார். கயிறு உராய்ந்து பூச்சு போகும், அடியில் சாக்கு வைக்கவில்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். உன் மாமனாருக்கு விஷயம் போய்விட்டது என்று நான் சொன்னபோது, ஒரு கடிதம் எழுது, நான்தான் துத்தம் போட மறந்தேன் என்று என் பெயரிலேயே எழுது என்றார். ஆம்பிளை மேல பழி வந்தா நாலு நாளில மறந்திடுவாங்க, பிள்ளைப் பேறுக்கு அந்த வீட்டு அடுப்படியில போய் நிக்கப் போறவ நீ, உன் மேல வரக்கூடாது என்று என்னிடம் காரணமும் சொன்னார். இது வரைக்கும் அவர் சொன்னதை நான் மீறியது டேசனில் அந்த ஒரு தடவைதான். இது இரண்டாவது தடவை.

ஆகையால் மயிலு, இந்தக் கடிதத்தை நீ மனசுக்குள் படித்துவிட்டு மடித்து வைக்காதே. மாமனார் சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது, மாப்பிள்ளையும் பக்கத்தில் இருக்கும்போது, ஒரு வரி விடாமல் உரக்கப் படி. உன் குரல் உடைந்தால் மாப்பிள்ளையைப் படிக்கச் சொல். உன் அப்பா யாருக்கும் சோறு கொண்டுபோகவில்லை. உன் அம்மா வேலையைப் பூஜையோடு போட்டுக் குழப்பிக்கொண்டாள், அதற்கு உன் அப்பா ஜெயிலில் உட்கார்ந்தார். உன்னை அனுப்ப மாட்டேன் என்று மாமனார் சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நீ இங்கே வரவும் வேண்டாம். இந்த முள்வேலிக்கும் ஊரடங்குக்கும் நடுவில், வலி எடுத்தால் லாரி கிடைக்குமா என்று காத்திருக்கிற இடத்தில் தலைப்பிள்ளை பிறக்க வேண்டாம். நான் வருகிறேன். அப்பா வர முடியாது, பாஸ் இல்லை. எனக்குப் பாஸ் தரச் சொல்லிக் கிராணி எழுதிக் கொடுத்துவிட்டார், ஐப்பசி பிறந்ததும் சிரம்பானில் ரயில் ஏறுகிறேன். தனியாக ரயில் ஏறியதில்லை என்று நீ கவலைப்படாதே, அன்றைக்கு முன்னால் போலீஸ் டேசனுக்குள் போனதும் இல்லைதான். மாமனார் வாசலில் நின்று, கடிதத்தில் எழுதியதை வாயாலும் சொல்லுவேன். அதற்குப் பிறகு உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்பது அவர் இஷ்டம். கூப்பிடாவிட்டால் பக்கத்தில் எங்கேயாவது கோவில் மண்டபத்தில் தங்கிக்கொள்கிறேன், வலி எடுத்ததும் மாப்பிள்ளை ஆள் அனுப்பினால் போதும்.

குடத்தைத் தூக்காதே, இறக்கிவைத்த தண்ணீரை மட்டும் மொண்டுகொள். இடது பக்கம் ஒருக்களித்துப் படு. கால் வீங்கினால் மறைக்காமல் மாமியாரிடம் சொல், அவர் உனக்கு அம்மா மாதிரி. தினமும் விளக்கேற்றி நமஸ்காரம் செய், ஆனால் வயிறு இடிக்கக் குனிய வேண்டாம், நின்றபடி கும்பிட்டால் அம்மன் ஏற்றுக்கொள்ளுவாள். ஒன்றை மறக்காதே, சுக்கு, ஓமம், திப்பிலி, பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் அங்கேயே வாங்கி வைத்துவிடு. காயமருந்து இடித்து எடுத்துக்கொண்டு வரத்தான் ஆசை, ஆனால் இந்த வேலியைத் தாண்டித் தின்கிற பொருள் எதையும் இனி நான் எடுத்து வர மாட்டேன். முதல் பேரப்பிள்ளைக்கு அம்மாயி வெறுங்கையோடு வந்தாள் என்று அங்கே யாராவது பேசினால் பேசட்டும், நீ அதற்காக அழாதே.

தீர்க்க சுமங்கலியாக, சுகப்பிரசவமாகி, மடி நிறைந்த பிள்ளையோடு நீ நூறு வருடம் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
தாயம்மா